என்னைக் கேட்காத அழுகை

செண்பகராஜ் வருகிறான் என்று ஆவுடை காலையில் காபியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது சொன்னாள். என் தம்பி. ஒன்பது வருஷமாக நான் ஒரு வார்த்தை பேசாத தம்பி. ஆவடியிலிருந்து ராத்திரியே பஸ் ஏறிவிட்டானாம், மதியத்துக்குள் கோவில்பட்டி வந்துவிடுவானாம். இதைச் சொல்லும்போது என் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைத்தான் பார்த்தாள், அது என் வலது கையில் சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து அவள் எதையும் தெரிந்துகொள்ள முயற்சி செய்வதில்லை. "யாரக் கேட்டு வரச் சொன்ன" என்றேன். நாக்கு ஒரு பக்கம் தடித்துப்போனதால் கோபம் கோபமாக வரவில்லை, தூக்கத்தில் உளறுகிற மாதிரி வந்தது. "நான் வரச் சொல்லல. அவராத்தான் வாரேன்னாரு. வர்ற ஆள வராதேன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அழவில்லை. அதுவே பெரிய விஷயமாகப் பட்டது. அவன் பேரைக் கேட்டதும் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், வரவில்லை. வரவில்லை என்பதால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. எதிர்பார்க்கிற இடத்தில் அது வராது. சட்டைப் பித்தான் போடும்போது வரும், யாராவது மணி என்ன என்று கேட்டால் வரும். இன்றைக்கு அவன் வாசலில் வந்து நின்று "அண்ணே" என்று கூப்பிட்டதும் வரும், கட்டாயம் வரும், அவன் முன்னால் நான் வாய்விட்டு அழப்போகிறேன், அவன் அதைப் பார்த்து அண்ணன் மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வான். நான் மன்னிக்கவில்லை. எழுந்துபோய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இல்லை, மன்னிக்கவில்லை. ஆனால் அதை இனி நான் முடிவு செய்ய முடியாது போலிருக்கிறது, என் கண் முடிவு செய்துவிடும்.

என்னை இந்த ஊரில் பி.டி. மாஸ்டர் என்றால் எல்லாருக்கும் தெரியும், ஹாக்கி சார் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். கொம்பையா என்ற பேர் பாதிப் பேருக்குத் தெரியாது. ரிட்டயர் ஆன பிறகும் சாயங்காலம் மைதானத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் பந்தை நிறுத்தி அடிப்பது எப்படி என்று காட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. ரத்தக்குழாய் அடைப்பு, பக்கவாதம். இடது கையும் காலும் போயின, பிறகு பாதி திரும்பி வந்தன. அதெல்லாம் எனக்குப் புரிந்தது. கால் வரவில்லை என்றால் பயிற்சி கொடுக்க வேண்டும், அது என் தொழில். இது புரியவில்லை. முதலில் வந்தது கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனிடம். "சார், புக்கிங் நம்பர் சொல்லுங்க" என்றான். நான் அழுதேன். கண் கலங்குவது இல்லை, முகம் பூராவும் சுருங்கி, வாய் கோணி, மூக்கு ஒழுகி, அடிவயிற்றிலிருந்து எழும்பி வருகிற அழுகை. அவன் பயந்துபோய் சிலிண்டரை அப்படியே போட்டுவிட்டு, காசு வேண்டாம் சார், அப்புறம் வாரேன் சார் என்று ஓடிவிட்டான். நான் எதற்கு அழுதேன். சிலிண்டருக்கா. உள்ளே ஒன்றுமே இல்லை. உள்ளே நான் சும்மா உட்கார்ந்துகொண்டு, இந்த ஆள் எதற்கு அழுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், படத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னது. சார், அழுகைக்கும் சிரிப்புக்கும் மூளையில ஒரு பிரேக் இருக்கு, உங்களுக்கு அந்த பிரேக்குக்குப் போற ஒயர் அறுந்துபோச்சு. சின்னதா எதாவது தொட்டாலே வண்டி கிளம்பிடும், நீங்க ஓட்டல, அது தானா ஓடுது. இது மனசு இல்ல சார், நரம்பு. நல்ல பொண்ணு. அது சொல்லி முடிப்பதற்குள் நான் அழ ஆரம்பித்துவிட்டேன். மேஜையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து என் வலது கையில் வைத்துவிட்டு, ஆவுடையிடம் மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தது. என் அழுகையை மதிக்காமல் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் அதுதான். அதற்காக எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்தது. அதை எப்படிச் சொல்வது, சொல்லப் போனாலும் அழுதுகொண்டேதான் சொல்லியிருப்பேன்.

வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து தரையில் விழுந்துவிட்டது. பஸ் இந்நேரம் மதுரை தாண்டியிருக்கும். திருமங்கலம், விருதுநகர், சாத்தூர். சாத்தூரில் டீக்கு நிறுத்தினால் கொஞ்சம் நேரம் கூடுதலாகும். நிறுத்தட்டும். மாத்திரை போட்ட பிறகு குறைந்திருக்கிறது என்று ஆவுடை போனில் எல்லாரிடமும் சொல்கிறாள், குறைந்துதான் இருக்கிறது, ஆனால் எப்போது என்று தெரியாதபோது குறைவு என்ன நிறைய என்ன. போன மாதம் பழைய மாணவன் ஒருவன் பார்க்க வந்தான். ரயில்வேயில் வேலையாம், ஹாக்கி கோட்டாவில் போனவனாம். "சார், என்னை ஞாபகம் இருக்கா" என்று கேட்டான். சத்தியமாக இல்லை. பேர் தெரியவில்லை, எந்த வருஷம் என்று தெரியவில்லை, எந்த இடத்தில் ஆடினான் என்றுகூடத் தெரியவில்லை, அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. அவனும் அழுதுவிட்டான். காலில் விழுந்தான். மைதானத்துல ஒரு நாள்கூடச் சிரிச்சு நாங்க பாத்ததில்லயே சார், உள்ளுக்குள்ள இவ்வளவு பாசம் வச்சிருந்தீங்களா சார் என்று என் முழங்காலைக் கட்டிக்கொண்டு விம்மினான். நான் அவன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே, இவன் யார், இவன் யார் என்று உள்ளே தேடிக்கொண்டிருந்தேன். அவன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இப்போது கடைத்தெருவில் ஆவுடையிடம் நாலு பேர் சொல்கிறார்களாம், சாருக்கு மனசு பூ மாதிரி என்று. எனக்கு இல்லாத ஒரு மனசுக்கு ஊரில் நல்ல பேர். ஒரு அன்னிய மாணவனுக்கே இப்படி என்றால் செண்பகராஜுக்கு. அவன் கட்டிப்பிடித்துக்கொள்வான். அப்புறம் அவனை எப்படி விலக்குவது, ஒரு கையால்.

சிரிப்பு இன்னும் மோசம். சிரிப்பைப் பற்றி நினைக்கவே கூடாது, நினைத்தால் அதற்குக் கேட்டுவிடும் என்று ஒரு பயம். ஒரு நாள் சோறு வடிக்கும்போது கஞ்சி ஆவுடையின் கை மேல் கொட்டிவிட்டது. அம்மா என்று கத்திக்கொண்டு அவள் கையை உதறினாள், நான் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தோல் சிவந்து எழும்புவது என் கண்ணுக்குத் தெரிகிறது, போய்த் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்று தெரிகிறது, உடம்பு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறது. அவள் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வரைக்கும் பேசவில்லை. கையில் மருந்து தடவிக்கொண்டிருந்தவளிடம் போய், "நோவுதான் சிரிச்சது, நான் இல்ல" என்றேன். "தெரியும்" என்றாள். மருந்தை மூடி வைத்துவிட்டு, "தெரிஞ்சாலும் வலிக்குதுல்ல" என்றாள். கையைச் சொன்னாளா வேறெதையாவது சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷமும் இப்படிக் கேட்காமல் விட்டதுதான் எல்லாம். முன்னெல்லாம் கேட்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை, என் முகத்தைப் பார்த்ததும் எல்லாரும் பதில் சொல்லிவிடுவார்கள்.

அந்த முகம் இருந்தால் இன்றைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. வாசலுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவன் வந்து நின்றதும் ஒரு பார்வை பார்த்தால் போதும், வந்த வழியே போய்விடுவான். அப்பா செத்தபோது எனக்குப் பத்தொன்பது, அவனுக்கு ஏழு. அழுதால் யார் பார்த்துக்கொள்வது என்று அன்றைக்கு இறுக்கிக்கொண்ட முகம், அப்படியே நின்றுவிட்டது, பிறகு மைதானத்தில் அதற்கு நல்ல உபயோகம் இருந்தது. விசில்கூட ஊத வேண்டாம், திரும்பிப் பார்த்தால் பையன்கள் ஓடத் தொடங்குவார்கள். ஆவடியில் அவன் வாடகை வீட்டு வாசலிலும் அதே முகத்தோடுதான் போய் நின்றேன். அம்மா அவனோடுதான் இருந்தாள். அவனுக்குக் கல்யாணமும் சரியாக அமையவில்லை, ஒத்தையில கெடக்கான், சோறு பொங்கிப் போட ஆள் வேண்டாமா என்று அவளாகத்தான் போனாள். ஒரு மாலை போன் வருகிறது, அம்மா போயிட்டாண்ணே என்று. நான் ரயில் ஏறி விடியக்காலம் போய் இறங்கினால், எல்லாம் முடிந்துவிட்டது, வீட்டுக்காரர் உடம்பை ராத்திரி வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாராம், மின்மயானத்தில் முடித்துவிட்டானாம். கையில் ஒரு அஸ்திச் சட்டி, சிவப்புத் துணி கட்டி. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டு அம்மாதான் சொன்னது, பாவம், ஒரு வாரமா ஆஸ்பத்திரியில கெடந்துச்சு என்று. ஒரு வாரம். வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து, காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கி, ஒரு வாரம் அவள் கிடந்திருக்கிறாள், இவன் என்னிடம் சொல்லவில்லை. நான் அவனைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். ஒன்றும் கேட்கவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அன்று மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன். இப்போது சிலிண்டருக்கு அழுகிற கண் அன்றைக்கு எங்கே போயிருந்தது. அன்று பிரேக் சரியாக இருந்தது, அதுதான். பிரேக் மட்டும்தான் இருந்தது.

ஆவுடை வெங்காயம் நறுக்குகிற சத்தம். நான் இங்கிருந்தே, "அவனுக்குச் சோறு வைக்கப் போறியா" என்றேன். "உங்களுக்கு வைக்கிறப்ப வைக்காம இருக்க முடியுமா" என்றாள். "நான் உள்ள படுத்திருக்கேன்னு சொல்லிரு. தூங்குதேன்னு சொல்லிரு." சத்தம் நின்றது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசல்நிலையில் வந்து நின்றாள். "எம்புட்டு நேரம் தூங்குவீங்க. அவரு சாயங்காலம் வரைக்கும் இருப்பாரு." "அவன் முன்னால நான் அழுதா அவன் என்ன நினைப்பான்." "என்ன நினைச்சா என்ன. கூடப்பெறந்தவருதான." "அது இல்ல ஆவுடை. நான் கொடுக்காத ஒண்ண அவன் எடுத்துக்கிட்டுப் போயிருவான்." இதைச் சொன்னபோதுதான் எனக்கே அது விளங்கியது. அவள் இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், குக்கர் கூப்பிட்டது, உள்ளே போய்விட்டாள். நான் மறுபடியும் தனியாக என்னோடு. மூச்சை நாலு எண்ணி இழுத்து நாலு எண்ணி விட வேண்டும், அல்லது அழுகை கிளம்புகிற சமயம் கணக்குப் போட வேண்டும், அல்லது வேறெங்காவது பார்க்க வேண்டும், டாக்டரம்மா சொன்ன உபாயங்கள். பந்து இருபத்தைந்து கெஜக் கோட்டில் இருக்கிறது, வலது விங்கில் ஆள் காலியாக நிற்கிறான், எப்படித் தள்ளுவாய். இதை நினைத்துக்கொண்டே இருந்தால் அவன் வந்து போய்விடுவான். ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதை ஆவுடையிடமும் சொன்னதில்லை. அழுது முடித்த பிறகு நெஞ்சு கனக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லாமல்தான் ஆரம்பிக்கிறது, சரி, ஆனால் முகம் அவ்வளவு நேரம் அழுதால் உள்ளே இருக்கிறவன் எத்தனை நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான், அவனுக்கும் ஏதோ போலாகிவிடுகிறது. அப்போது அது யார் துக்கம். முகம் கொடுத்த துக்கமா, அல்லது எனக்குள் முன்னாலேயே இருந்து இப்போதுதான் கதவு திறந்ததா. அவன் முன்னால் அழுது, அழுததனால் மனசு இளகி, இளகியதனால் மன்னித்துவிட்டால், அந்த மன்னிப்பை நான் என்னுடையது என்று எப்படிச் சொல்வேன். அறுந்த ஒயர் கொடுத்த மன்னிப்பு. வேண்டாம். அவனுக்கும் அது வேண்டாம். கணக்கில் பந்து எங்கே போனது, வலது விங், வலது விங்.

கேட் கொண்டி தூக்கிப் போடுகிற சத்தம். ஆட்டோ வந்த சத்தமே கேட்கவில்லை, நடந்தே வந்திருக்கிறான். எழுந்து உள்ளே போய்விடலாம் என்று வலது கையை ஊன்றினேன், இடது கால் தாமதமாக வந்தது, அதற்குள் அவன் வாசலுக்கு வந்துவிட்டான். மீசை நரைத்துவிட்டது. இவன் மீசை எப்போது நரைத்தது. தோளில் ஒரு பை, கையில் வாழைப்பழச் சீப்பு, செருப்பின் வாரைக் குனிந்து கழற்றுகிறான், கழற்ற வரவில்லை. "அண்ணே" என்றான், குனிந்தபடியே. நான் வயிற்றை இறுக்கிக்கொண்டேன். வரவில்லை. அவன் நிமிர்ந்தான், என்னைப் பார்த்தான், இப்போது, இப்போது என்று பல்லைக் கடித்தேன், ஒன்றும் வரவில்லை. முகம் கல் மாதிரி இருந்தது, பழைய முகம், நிஜமாகவே பழைய முகம், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவன் வாசற்படியைத் தாண்டாமல் நின்றான். "மதினி இல்லையா" என்றான்.  என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு காலை மாற்றி நின்று, "ராத்திரி பூரா காலத் தொங்கப்போட்டே வந்தது, கால் வீங்கிப்போச்சு" என்றான், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. வந்துவிட்டது. கால் வீங்கிப்போச்சு என்பதற்கு வந்துவிட்டது. வாய் கோணிக்கொண்டது, ஊளை மாதிரி ஒரு சத்தம், எச்சில், மூக்கு, எல்லாம், நான் நாற்காலியில் திரும்ப விழுந்து வலது கையால் முகத்தை மூடினேன், ஒரு கை போதவில்லை. விரலுக்கு நடுவில் அவன் வருவது தெரிந்தது. கட்டிப்பிடிக்கப் போகிறான். காலில் விழப்போகிறான். ஆவுடை அடுப்படி வாசலில் நிற்கிறாள், அவளும் வரவில்லை. நான் தலையை ஆட்டி ஆட்டி, "இது இல்ல, இது அது இல்ல" என்றேன், அழுகையில் அதுவும் கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டிருக்கும்.

அவன் தொடவில்லை. வாழைப்பழத்தை மேஜை மேல் வைத்தான். பையை இறக்கினான்.  பிறகு, "தெரியும்ணே. மதினி போன்ல எல்லாம் சொல்லிட்டாங்க. இது நோவுல வர்ற அழுகைன்னு" என்றான். அழுகைக்கு நடுவில் நான் அவனைப் பார்த்தேன். ஆவுடையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். "தெரிஞ்சுதான் வந்தேன்" என்றான். "நீங்க அழுதா நான் அத எடுத்துக்க மாட்டேன். பயப்படாதீங்க." எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். காலையிலிருந்து எதற்குப் பயந்தேனோ அது நடக்கவில்லை. ஆனால் உள்ளே இருந்தவன் இப்போதுதான் நிஜமாகப் பதறினான், முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது, முகம் செல்லாது என்று இவனே சொல்லிவிட்டான், இனி நான்தான் பேச வேண்டும். சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை அவன் இழுத்தான். எனக்கு எதிரே போடாமல், காலண்டர் தொங்குகிற சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். "உங்களப் பாத்தா எனக்கு ஒண்ணும் புரியாது. அப்பவும் புரியாது, இப்பவும் புரியாது. நான் இப்படியே இருக்கேன். என்ன சொல்லணுமோ சொல்லுங்க, காது கேக்கும்" என்றான். சட்டைக் காலருக்கு மேலே அவன் பிடரி, வேர்வை காய்ந்து உப்பாக நிற்கிறது. ஆவுடை உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

என் அழுகை நிற்கவில்லை, நானும் நிறுத்தப் பார்க்கவில்லை, மழை பெய்யும்போது கடையோரம் நின்று பேசுவதுபோல் அதன் சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்தது. "ஏன்லே சொல்லல" என்றேன். ஒன்பது வருஷத்தில் இந்த இரண்டு சொல்லை நான் கேட்டதே இல்லை. அவன் சுவரைப் பார்த்தே சொன்னான். "மொத நாள் சொல்லியிருந்தா, ஒரு ஆளக் கவனிக்கத் துப்பில்லயான்னு நீங்க நினைப்பீங்க, அவ்வளவுதான். அதுக்குப் பயந்து நாளைக்குச் சொல்லுவோம்னு விட்டேன். மறுநாள் சொன்னா நேத்தே ஏன் சொல்லலன்னு வரும். அப்படியே ஒவ்வொரு நாளும் கூடிக்கிட்டே போச்சு. அம்மா எந்திரிச்சு உக்காந்துட்டான்னா சொல்லிக்கிடலாம்னு பாத்தேன். எந்திரிக்கல." "நான் ஒன்னய என்னைக்காவது அடிச்சிருக்கனா." "இல்ல. ஒரு தடவகூட இல்ல." "ஒரு வார்த்த வஞ்சிருக்கனா." "இல்லண்ணே. பாப்பீங்க. அதான்." பார்ப்பேன். ஏழு வயதிலிருந்து அவனை நான் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, சாப்பிட்டானா, புத்தகம் வாங்கினானா, காய்ச்சல் விட்டதா, அதைத்தான் பார்த்தேன். அவனுக்கு அங்கே தெரிந்தது வேறு. ஆவடி வாசலில், சட்டியை வைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து, இவன் ஒத்தையாய்த் தூக்கிக்கொண்டு போயிருப்பானே, கூட யார் போனார்கள் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது, அப்புறம்தான் கோபம், அந்த முதல் நினைப்பு அவனுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. என் முகம் அன்றைக்கும் பொய்தான் சொல்லியிருக்கிறது. ஒயர் அறுவதற்கு முன்னாலேயே.

"அம்மா என்னயக் கேட்டாளா" என்றேன். அவன் முதுகு கொஞ்சம் குனிந்தது. "வார்டுல தரை துடைக்கிற பெரியவர் ஒருத்தர் உண்டு. உங்க உசரம். அம்மாவுக்குக் காய்ச்சல்ல ஆள் அடையாளம் தெரியல. அவரக் கொம்பையா, கொம்பையான்னு கூப்பிட்டா. வெயில்ல நிக்காதடா, தொப்பி போட்டுக்கோன்னு சொன்னா. அவரும் நல்ல மனுஷன். துடைப்பத்தச் சாத்தி வச்சிட்டுப் பக்கத்துல வந்து, சரிம்மா, போட்டுக்கிடுதேன்மான்னு சொல்லுவாரு. அதோட தூங்கிருவா." அப்போதுதான் அது நடந்தது. அழுகை சட்டென்று முறிந்து சிரிப்பு கிளம்பியது. வயிறு குலுங்கச் சிரித்தேன், நாற்காலி கிறீச்சிட்டது, அம்மா சாகக் கிடந்ததைக் கேட்டு ஹோ ஹோ என்று சிரிக்கிறேன், செண்பகராஜ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான், விரல் வெளுத்துவிட்டது, ஆனால் திரும்பவில்லை. "அதுவும் தெரியும். மதினி சொன்னாங்க" என்றான். வெளியே அவ்வளவு சிரிப்பு, உள்ளே எட்டு மாதமாகச் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே இரண்டாக மடிந்து விழுந்தான். சந்தேகமே இல்லை, இது அவனுடையது. முகம் கொடுத்தது அல்ல, முகம் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ ஒரு ஆள் என் பேரைக் கூப்பிட்டதும் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறான், சரிம்மா என்று சொல்லியிருக்கிறான், நான் சொல்ல வேண்டியதை. நான் எங்கே இருந்தேன். எங்கே இருந்தேன் என்பது எனக்குத் தெரியும், ஒன்பது வருஷமாக நான் சுற்றிச் சுற்றி வந்து, வந்த வேகத்தில் விலகிப்போகிற இடம் அதுதான்.

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. விக்கலாகி, இருமலாகி, ஓய்ந்தது. ஆவுடை தண்ணீர் கொண்டுவந்து வாயில் வைத்தாள், குடித்தேன், சட்டையெல்லாம் ஈரம். "அந்த வாரம் மண்டல மேட்ச் நடந்துச்சுலே" என்றேன். என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. "பைனல்ல ஜெயிச்சோம். பையன்க என்னயத் தோள்ல தூக்கிக்கிட்டு மைதானம் பூரா சுத்தி வந்தானுக. பஜார்ல லட்டு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன், நானும் தின்னேன். ராத்திரி நல்லாத் தூங்கினேன். ஆவுடை கேட்டா, என்ன, மூஞ்சில சிரிப்பெல்லாம் வருதுன்னு. அம்மா அங்கன கெடக்கா. எவனோ ஒருத்தன் எனக்குப் பதிலா நிக்கான். ஒன்னால நான் அந்த வாரம் பூரா சந்தோசமா இருந்தேன்லே. அத நான் என்ன செய்ய. அத எங்க கொண்டுபோய் வைக்க."  அவன் முதுகு ஏறி ஏறி இறங்கியது. அழுகிறான் என்று தெரிந்தது, முகம் தெரியாமலேயே தெரிந்தது. "இப்பவும் கோபம் இருக்கு. போகல" என்றேன். "இருக்கட்டும்ணே" என்றான். "போகுமான்னு தெரியல." "சரி."  வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியிருந்தது. என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது, எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. செண்பகராஜ் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தலையைச் சாய்த்து, "திரும்பட்டுமாண்ணே" என்று கேட்டான்.

"இருலே" என்றேன். "இன்னும் இருக்கு."

அவன் சுவரைப் பார்த்தபடியே தலையை ஆட்டினான். நாற்காலியை மட்டும் கொஞ்சம் பின்னால், என் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டான். நான் அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.